போதிய காரணமின்றி

என் தாய்மாமனுக்காக நான் முதல் மனு எழுதியது 1998-இல். அப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. எங்கள் சேரியில் இங்கிலீஷில் நாலு வரி எழுதத் தெரிந்தவன் என்பதால் பட்டா மனு, லோன் மனு, போலீஸ் ஸ்டேஷன் மனு எல்லாம் என்னிடம்தான் வரும். மாமாவின் மனுவும் அப்படித்தான் வந்தது. அதற்குப் பிறகு கால் நூற்றாண்டுக்கும் மேலாக எத்தனையோ மனுக்கள் எழுதிவிட்டேன். எல்லாவற்றிலும் கேட்டது ஒன்றுதான். ராணுவத்தில் தன்னிடமிருந்து பறிக்கப்பட்ட ஹவில்தார் பதவியைத் திருப்பித் தர வேண்டும். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் 'சிப்பாய்' என்று இருக்கிற இடத்தில் 'ஹவில்தார்' என்று இருக்க வேண்டும்.

ஒரு கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது இதை இயக்கத் தோழர் ஒருவரிடம் சொன்னேன். அவர் கேட்டார்: "ராணுவங்கிறதே அரசாங்கத்தோட அடக்குமுறைக் கருவி. மேல ஒருத்தன், கீழ ஒருத்தன்னு அடுக்கி வச்ச ஏணி அது. சாதி ஏணிய ஒடைக்கணும்னு பேசுற நாம, அந்த ஏணியில மூணாவது படிய எனக்குக் குடுன்னு ஏன் கெஞ்சணும்?"

கேள்வியில் நியாயம் இருக்கிறது. அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. அந்தப் பதிலைத் தேடித்தான் இதை எழுதுகிறேன்.

மாமா 1979-இல் பட்டாளத்தில் சேர்ந்தவர். பாலாற்றை ஒட்டிய வட ஆற்காட்டுக் கிராமங்களில் பட்டாளத்துக்குப் போவது புதிதில்லை. பழைய சென்னை ராணுவத்தில், முக்கியமாகப் பாலம் கட்டுகிற, பாதை போடுகிற சாப்பர்ஸ் படையில், பறையர்கள் ஏராளமாக இருந்தார்கள். 1881 முதல் 1885 வரை சென்னை ராணுவத்தின் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தெற்கத்தி ஆட்கள் சண்டைக்கு லாயக்கில்லை என்று முடிவு கட்டினார். 'வீர இனம்' என்ற கோட்பாடு அதற்குத் துணை நின்றது. மகாராஷ்டிரத்தில் மகர்களை ராணுவத்தில் எடுப்பது 1892-இல் நிறுத்தப்பட்டது. ஓய்வுபெற்ற மகர் படைவீரரான கோபால் பாபா வலங்கர் 1894-இல் அதை எதிர்த்து மனு எழுதினார். அண்ணலின் தந்தை ராம்ஜி சக்பாலும் ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர். ஆக, பட்டாளத்திலிருந்து திரும்பிய தீண்டப்படாதவன் தன் பதவிக்காக மனு எழுதுவது எங்கள் மாமாவிடம் தொடங்கிய கதை அல்ல. அதற்கு நூறு ஆண்டுக்கு மேல் வயதாகிறது.

அந்த மனுக்களை வெள்ளைக்காரனிடம் கெஞ்சியது என்று சொல்லிவிடலாம். சொல்லியும் இருக்கிறார்கள். ஆனால் பிறப்பைத் தவிர வேறெதுவும் கணக்கில் வராத ஒரு சமூகத்தில், செய்த வேலைக்காகக் கிடைத்த முதல் பெயர் அது. சுபேதார் என்பதை அவன் அப்பன் கொடுக்கவில்லை, அவனே சம்பாதித்தான்.

மாமா ஹவில்தாராக லீவில் வந்தபோது எனக்குப் பத்துப் பதினோரு வயது. சட்டையில் மூன்று பட்டை. ஊர்த் தெரு டீக்கடையில் எங்களுக்கு அலுமினிய டம்ளர், அவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ். அதுவரை அவரை "டேய்" என்று கூப்பிட்ட கடைக்காரர் "வாய்யா ஹவில்தாரு" என்றார். கண்ணாடி கிளாஸில் டீ வந்தது. மாமா அதைத் தொடவில்லை. பின்னால் நின்ற எங்கள் தாத்தாவைக் காட்டி, "எங்க நைனாவுக்கும் இதே கிளாஸ்ல குடு. அப்பறம் நான் குடிக்கிறேன்" என்றார். கடைக்காரர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கொடுத்தார். தாத்தாவின் கை நடுங்கியதில் பாதி டீ வேட்டியில் சிந்தியது.

தோழரின் கேள்விக்குப் பதிலில் பாதி இது. அந்தப் பதவியை வைத்து மாமா யார் தலையிலும் ஏறவில்லை. தன் அப்பனைத் தனக்குச் சமமாக நிற்க வைத்தார்.

மீதிப் பாதிக்குப் பதவி எப்படி வந்தது, எப்படிப் போனது என்று சொல்ல வேண்டும்.

1987 ஜூலையில் இந்திய அமைதி காக்கும் படை இலங்கைக்குப் போனது. அக்டோபரில் புலிகளோடு சண்டை தொடங்கியது. 1990 மார்ச்சில் கடைசிப் படைகள் திரும்பின. ஏறக்குறைய 1,200 இந்தியச் சிப்பாய்கள் செத்தார்கள். அதைவிடப் பல மடங்கு ஈழத்துச் சனங்கள் செத்தார்கள். மாமா அங்கே போகும்போது லான்ஸ் நாயக், ஒரு பட்டை. தமிழ் தெரிந்தவர் என்பதால் வீடு வீடாகச் சோதனை போடும்போது அவரைத்தான் முன்னால் அனுப்புவார்கள். ஆபீசர் இந்தியில் கேட்பார், மாமா அதைத் தமிழில் கேட்பார். பதிலை மறுபடி இந்தியில் சொல்வார்.

ஒரு வீட்டில் ஒரு வயசான அம்மா செம்பில் தண்ணீர் கொடுத்தாராம். "தம்பி, நீங்களும் தமிழ் ஆள்தானே?" என்று கேட்டாராம். மாமா எத்தனையோ முறை என்னிடம் சொல்லியிருக்கிறார். "எங்க ஊர்ல எனக்குச் செம்புல தண்ணி குடுத்ததில்லடா. அந்தம்மா குடுத்துச்சி. சாதி கேக்கல." பிறகு அவரே சொல்வார்: "துப்பாக்கி வச்சிகினு நிக்கிறவன்கிட்ட எவன் சாதி கேப்பான்?" யாழ்ப்பாணத்திலும் சாதி இருந்தது. கோயிலுக்குள் போக அங்கேயும் 1968-இல் மாவிட்டபுரத்தில் நம்மைப் போன்றவர்கள் போராட வேண்டியிருந்தது. அது அவருக்குப் பின்னால்தான் தெரியும்.

தண்ணீரைக் குடித்துவிட்டு மாமா கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார். உன் மகன் எங்கே? அந்த அம்மா வாயால் பதில் சொல்லவில்லை. கண் பின்கட்டுப் பக்கம் போனது. மாமா அதையும் இந்தியில் சொன்னார். பையனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அதற்கு மேல் மாமா எனக்குச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

1988-இல் அவர் நாயக் ஆனார். திரும்பி வந்த பிறகு, 1990-இல் ஹவில்தார்.

தூக்கம் கெட்டது அப்போதுதான். முதலில் இரவில் மட்டும். பிறகு பகலில் யாராவது "தம்பி" என்று கூப்பிட்டால் உடம்பு தூக்கிப் போடும். குடித்தால் கொஞ்சம் அடங்கும், அதனால் குடித்தார். 1994 ஜனவரியில் லீவில் வந்தார். லீவு முடிந்தது, போகவில்லை. கறுப்பு டிரங்குப் பெட்டி கட்டித் தயாராக இருந்தது. காலையில் எழுந்து குளித்து பெட்டிக்குப் பக்கத்தில் உட்காருவார். பஸ் போகிற சத்தம் கேட்கும். பொழுது சாயும். மறுநாளும் அதே. எங்கள் ஆயா செய்வினை என்றார். மந்திரித்தார்கள், வேப்பிலை அடித்தார்கள், தலையில் எலுமிச்சம் பழம் தேய்த்தார்கள். நாற்பத்தொரு நாள் கழித்து அவராகவே எழுந்து ரயில் ஏறினார்.

மார்ச்சில் விசாரணை. ராணுவச் சட்டம் 1950-இன் 116-ஆவது பிரிவில் சம்மரி கோர்ட் மார்ஷல் என்று ஒன்று உண்டு. அதில் கமாண்டிங் ஆபீசர் ஒருவரே முழுக் கோர்ட். கூட இருவர் உட்காருவார்கள், ஆனால் தீர்ப்பில் அவர்களுக்குப் பங்கில்லை. குற்றம் 39-ஆவது பிரிவு: போதிய காரணமின்றி விடுப்பு முடிந்தும் வராமல் இருந்தது. ஒப்புக்கொள்கிறாயா என்றார்கள். மாமா ஒப்புக்கொண்டார். "பொய் சொல்லச் சொல்றியா? நான் போகலதான?" என்பார் என்னிடம். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. மூன்று பட்டையும் போய் சிப்பாய் ஆனார். ரெக்கார்டில் சிவப்பு மையில் பதிந்தார்கள்.

அதே ஆண்டு ஆகஸ்டில் அவரை ராணுவ ஆஸ்பத்திரியில் மனநோய் வார்டில் சேர்த்தார்கள். கடும் மனச்சோர்வு என்று எழுதினார்கள். 1996-இல் பென்ஷனோடு அனுப்பினார்கள். அனுப்பும்போது, இந்த நோய் ராணுவப் பணியால் வந்ததல்ல என்று ஒரு வரி.

இப்போது நம் கேள்விக்கு வருகிறேன். 'போதிய காரணமின்றி' என்கிறது சட்டம். எவ்வளவு காரணம் இருந்தால் போதும்? அதை அளக்கிறவர் யார்?

கால் உடைந்து கட்டுப் போட்டுப் படுத்திருந்தால் அது போதிய காரணம். டாக்டர் சீட்டு இருந்தால் சந்தேகமே இல்லை. டிரங்குப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன் எழுந்திருக்க முடியாமல் போனதற்குச் சீட்டு கிடையாது. அவனுக்கே அது நோய் என்று தெரியாது. புத்தி பேதலித்தவனுக்கென்று ராணுவச் சட்டத்தில் தனிப் பிரிவு இருக்கிறது. ஆனால் அது தான் செய்வது இன்னதென்று அறியாதவனுக்கு, தன் தரப்பைச் சொல்ல முடியாதவனுக்கு. மாமாவுக்கு லீவு முடிந்தது தெரியும். போகாவிட்டால் தண்டனை என்பதும் தெரியும். தெரிந்தும் கால் எழவில்லை. முழுப் பைத்தியத்துக்கும் முழுப் புத்திக்கும் சட்டத்தில் இடம் உண்டு. இரண்டுக்கும் நடுவில் தவிக்கிறவனைக் குற்றவாளி என்று எழுதிவிடுகிறார்கள்.

காரணம் போதாது என்பது நமக்குப் பழகிய சொல்தான். அறுப்புக் காலத்தில் கூலிக்குப் போய்விட்டுப் பள்ளிக்கூடம் வந்தால் வாத்தியார், "காரணம் சொல்லாத, கையை நீட்டு" என்பார். ஊர்க்காரப் பிள்ளை கல்யாணத்துக்குப் போய் நாலு நாள் வரவில்லை என்றால் அது காரணம். நம்முடைய பசி, நம்முடைய சாவு, நம்முடைய காய்ச்சல் எதுவும் போதியதாக இருந்ததில்லை. 'சேரிக்காரன் இப்படித்தான்' என்று ஒரு வரியில் அவர்களிடம் எல்லாவற்றுக்கும் விளக்கம் இருந்தது. மாமாவை விசாரித்தவர் அவருடைய சாதியைப் பார்த்தார் என்று நான் சொல்லவில்லை. அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. நான் சொல்ல வருவது வேறு.

தண்டனை என்பது செய்கைக்கு. ஒருவன் எதைச் செய்தானோ அதற்கு. ஒருவன் எப்படி இருக்கிறான் என்பதற்காக அவனைக் கீழே இறக்கினால் அதற்குப் பெயர் தண்டனை இல்லை. பிறந்தவுடனேயே ஒருவனைக் கீழே வைக்கிற ஏற்பாட்டுக்கு நம்மிடம் ஒரு பெயர் இருக்கிறது. அண்ணல் அதைப் படிநிலைச் சமத்துவமின்மை என்றார். அதில் ஒருவன் எந்தப் படி என்பதற்கும் அவன் செய்கைக்கும் சம்பந்தமில்லை. பட்டாளத்துப் பதவி அதற்கு நேர் எதிரானது என்று நம்பித்தான் எங்கள் ஆட்கள் போனார்கள். அங்கே ஏறுவதும் இறங்குவதும் செய்கையால். நோய்க்காக ஒருவனை இறக்கிய அன்றைக்கு அந்தப் பதவியும் சாதி மாதிரி ஆகிவிட்டது. மாமா மூன்றாவது படிக்காகக் கெஞ்சவில்லை. இது அந்த ஏணி இல்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள், அப்படியானால் அதை நிரூபியுங்கள் என்கிறார்.

சட்டம் இதை ஓரளவு ஒப்புக்கொள்கிறது என்பதுதான் வேடிக்கை. பணியில் இருக்கும்போது ஊனமுற்ற ஊழியரை வேலையை விட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்று 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 47-ஆவது பிரிவு சொன்னது. மனநோயும் அந்தச் சட்டத்தின் கணக்கில் ஊனம்தான். 2016-இல் வந்த புதிய சட்டத்தின் 20-ஆவது பிரிவும் அதையே சொல்கிறது. ஆனால் போர்ப்பணியில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது என்று 2002-இல் ஒரு அறிவிப்பு, 2021 ஆகஸ்டில் இன்னொரு அறிவிப்பு. மனம் உடைவதற்கு அதிக வாய்ப்புள்ள வேலை எதுவோ, அந்த வேலைக்கு மட்டும் பாதுகாப்பு இல்லை. அதே 2021 டிசம்பரில், மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் அதிகாரி ஒருவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒன்று சொன்னது. மனநோயாளியின் நடத்தைக்கு நோயும் ஒரு காரணமாக இருந்தால் போதும், அதற்காக அவர் மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது பாகுபாடு என்றது. நோய் மட்டுமே காரணம் என்று காட்ட வேண்டியதில்லை. இதைப் படித்துச் சொன்னபோது மாமா, "இருபத்தேழு வருசம் லேட்டு" என்றார்.

பணம் கிடைத்தது. ராணுவத்தில் சேரும்போது ஒருவனுக்கு நோய் இருந்ததாகக் குறிப்பு இல்லையென்றால், பின்னால் வந்த நோய் பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லையென்று நிரூபிப்பது அரசின் வேலை என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் தரம்வீர் சிங் வழக்கில் சொன்னது. அதை வைத்து வழக்குப் போட்டு 2016-இல் மாமாவுக்கு ஊனமுற்றோர் பென்ஷன் வந்தது. இப்போது அவருடைய ஃபைலில் இரண்டு காகிதம் இருக்கிறது. ஒன்று, உன் நோய் எங்கள் வேலையால் வந்தது என்கிறது. இன்னொன்று, நீ வராமல் இருந்ததற்குப் போதிய காரணம் இல்லை என்கிறது. இரண்டிலும் ஒரே அரசாங்க முத்திரை. மாமா சொல்கிறார்: "மெண்டலுன்னு சொன்னா காசு குடுக்குறான். ஹவில்தாருன்னு சொல்லச் சொன்னா மாட்டேன்றான்."

மன்னிப்புக் கேட்டால் என்ன என்று ஒரு வக்கீல் கேட்டார். முதல் உலகப் போரில் பயந்து ஓடினான், காவலை விட்டுப் போனான் என்று பிரிட்டிஷ் ராணுவம் சுட்டுக்கொன்ற 306 பேருக்கு 2006-இல் மன்னிப்பு கொடுத்தார்கள். குண்டுச் சத்தத்தில் மனம் உடைந்தவர்கள் அதில் பலர். ஆனால் அந்தச் சட்டத்திலேயே, இந்த மன்னிப்பு அவர்களுடைய குற்றத் தீர்ப்பையோ தண்டனையையோ பாதிக்காது என்றும் எழுதினார்கள். தப்பு உன்னுடையதுதான், பெரிய மனசு எங்களுடையது என்று பொருள். நமக்குக் கோயில் கதவு திறந்தபோதும் இதே தொனியில்தான் திறந்தார்கள்.

இனி என் பங்கையும் சொல்ல வேண்டும். 1998-இல் நான் எழுதிய முதல் மனுவில் நோய் என்ற வார்த்தையே இல்லை. அப்போது என் அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாய்மாமன் மெண்டல் என்று தெரிந்தால் சம்பந்தம் நிற்காது என்றார் அம்மா. எனக்கும் கூச்சம். சேரிக்காரன், அதற்கு மேல் பைத்தியக்காரன் குடும்பம் வேறா என்ற கூச்சம். 'தவிர்க்க முடியாத குடும்பச் சூழ்நிலை' என்று எழுதி மாமாவிடம் கையெழுத்து வாங்கினேன். அவருக்கு அவ்வளவு இங்கிலீஷ் படிக்க வராது. பல ஆண்டு கழித்து வந்த பதிலில், மனுதாரரே 1998-இல் குடும்பச் சூழ்நிலைதான் காரணம் என்று எழுதியிருக்கிறார், இப்போது நோய் என்பது பின்யோசனை என்று என்னுடைய வரியை எடுத்துக் காட்டியிருந்தார்கள். அவருடைய காரணம் போதாது என்று முதலில் முடிவு கட்டியது கமாண்டிங் ஆபீசர். இரண்டாவதாக முடிவு கட்டியது நான்.

இதை அவரிடம் சொல்ல எனக்குப் பத்து நாள் ஆனது. கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "உனுக்கு வெக்கமா இருந்துச்சி. எனுக்கும் அப்போ வெக்கமாத்தான் இருந்துச்சி. இப்ப இல்ல. இப்ப எய்து" என்றார்.

அந்தத் தைரியத்தில்தான் நானும் ஒன்று கேட்டேன். தோழர் கேட்காமல் விட்ட கேள்வி. "மாமா, அந்தப் பட்டை யாழ்ப்பாணத்துல சனங்க வீட்டுல நொழஞ்சதுக்குக் குடுத்தது. அதையா திருப்பிக் கேக்குற? அந்தம்மாவுக்கு யாரு பதில் சொல்றது?"

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை.

"அது நான் செஞ்சது. நோயி செய்யல. அன்னிக்கி எனுக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருந்தேன். நல்லா இருக்கும்போது செஞ்சதுக்கு என்னிய விசாரிச்சிருந்தா, பட்டைய அறுத்திருந்தா, சரின்னு கையக் கட்டிகினு நின்னிருப்பேன். அதுக்குப் பட்டை குடுத்தான். அத நெனச்சிப் படுத்தேன் பாரு, அதுக்குப் புடுங்கினான்."

பிறகு சொன்னார்: "எத்துக்குக் குடுக்கணும், எத்துக்குப் புடுங்கணும்னு அவனுக்குத் தெரியல. எனுக்குத் தெரியும். அந்தப் பொத்தகத்துல சரியா எய்தணும். அவ்ளோதான்."

எனக்குத் தெரிந்த தத்துவமெல்லாம் இந்த இரண்டு பேச்சுக்குள் அடங்கிவிடுகிறது. நோயைக் காட்டித் தன் பாவத்திலிருந்து தப்பிக்க அவர் பார்க்கவில்லை. பாவத்தைக் காட்டித் தன் நியாயத்தை விட்டுக்கொடுக்கவும் இல்லை. செய்ததற்குப் பொறுப்பு என்னுடையது, செய்யாததற்கு என்னைத் தண்டிக்காதே என்று பிரித்துச் சொல்கிறார். அப்படிப் பிரித்துச் சொல்ல முடிகிற மனம்தான் தெளிந்த மனம். அதை ஒரு கோர்ட்டும் இதுவரை செய்யவில்லை. ஒரு காலத்தில் மனநோய் வார்டில் கிடந்த சிப்பாய் செய்திருக்கிறார்.

ஒரு வேளை ராங்க் கிடைத்தாலும் அந்த அம்மாவுக்குப் பதில் கிடைக்காது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அந்தக் கணக்கு வேறு. அதைத் தீர்க்க எந்த ரெக்கார்ட் ஆபீசுக்கும் மனு எழுத முடியாது.

போன மாதம் புது மனு எழுதினோம். இந்த முறை நோயை முதல் வரியிலேயே எழுதினேன். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லச் சொல்லி மாமா கேட்டார். கடைசி வரியில், வழக்கம்போல, 'கருணை கூர்ந்து பரிசீலிக்க வேண்டும்' என்பதற்கான இங்கிலீஷ் வார்த்தைகளைப் போட்டிருந்தேன். இத்தனை ஆண்டு எல்லா மனுவிலும் போட்டதுதான். கை தானாக எழுதிவிடும்.

"அத்த அடி" என்றார். அடித்தேன். மறுபடி சுத்தமாக வேறு தாளில் எழுதினேன். கையெழுத்துப் போட்டார். பெயருக்குக் கீழே என்ன எழுதுவது என்று கேட்டேன். முன்னாள் சிப்பாய் என்றுதான் எழுத வேண்டும், ரெக்கார்டில் அப்படித்தான் இருக்கிறது, இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

"இப்போதிக்கி அப்பிடியே எய்து" என்றார்.